மே மாச வெயில்ல நிக்கிற கேக் கிரீம்: வெண்ணெய் ஏன் சரியுது, மாங்கூழ் ஏன் திரியுது?

பாலக்கோடு தோழி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மே மூணாவது வாரம் அரூர்ல ஒரு வீட்டு விசேஷத்துக்கு ஒரு கிலோ மாம்பழ கேக் கொடுக்கணும். பாலக்கோட்டுல செஞ்சு தர்மபுரி வழியா கார்ல போகும். மதியம் 12 மணிக்கு வெட்டுவாங்க. ஸ்பாஞ்ச்ல சிக்கல் இல்ல, மேல பூசுற கிரீம்தான் நிக்க மாட்டேங்குது. சோதனைக்கு ரெண்டு விதமா செஞ்சதோட அளவைக் கீழ கொடுக்கறேன், தப்பு எங்கன்னு சொல்லுங்க.

முதல்ல பட்டர்கிரீம். உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், ஐசிங் சுகர் 500 கிராம், பால் 3 டேபிள்ஸ்பூன். காலை 11 மணிக்கு அடிச்சது. பூசும்போது நல்லாத்தான் இருந்துச்சு. அரை மணி நேரத்துல பக்கவாட்டுல வழிஞ்சு அடியில வளையமா தேங்கிடுச்சு. கூட 100 கிராம் சர்க்கரை போட்டும் இறுகல.

அடுத்தது கடையில ஃப்ரீசர்ல வச்சு விக்கிற விப்பிங் கிரீம். 300 மில்லி அடிச்சு, அதுல டின் மாங்கூழ் 200 கிராம் ஊத்தி மறுபடி பீட்டர் ஓட்டினதும் ரவை ரவையா திரிஞ்சு கீழ தண்ணி பிரிஞ்சிடுச்சு.

இதுல எதை எடுத்துக்கலாம்? கூழை எப்படிச் சேர்க்கறது? பூசும்போது ஸ்பாஞ்ச் துகள் கிரீமோட ஒட்டிக்கிட்டு வருது, அதுக்கும் வழி வேணும்.

ஓசூர் அடுமனை

உங்க பட்டர்கிரீம்ல அளவு தப்பே இல்லைங்க. வெண்ணெய்க்கு ரெண்டு மடங்கு சர்க்கரைங்கறது சரியான கணக்குதான். தப்பு, அடிச்ச நேரத்துல இருக்கு.

வெண்ணெயை அடிக்க ஏத்த சூடு 18-லிருந்து 21 டிகிரி. 28 தாண்டினா வடிவம் பிடிக்காது, 32-லிருந்து 35-க்குள்ள முழுசா உருகிடும். மே மாசம் காலை 11 மணிக்கு பாலக்கோட்டுல சமையக்கட்டு எத்தனை டிகிரி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர்ல அதே கிரீம் அதே நேரத்துல நிக்கும், மேட்டுல இருக்கற ஊர், குளிர்ச்சி கூட. பெங்களூர்ல எடுத்த வீடியோவைப் பார்த்து தர்மபுரி பக்கம் செய்யறவங்க ஏமாந்து போறது இங்கதான்.

சர்க்கரை கூடப் போட்டும் ஏன் இறுகலைன்னா, சர்க்கரை கொழுப்பை உறைய வைக்காது. வெண்ணெயில நூத்துக்கு 16 பங்கு தண்ணி இருக்கு, அதோட நீங்க ஊத்தின பால் வேற. கொழுப்பு இளகிட்ட பிறகு போடற சர்க்கரை அந்தத் தண்ணியில கரைஞ்சு பாகாயிடும். கிரீம் கனம் கூடி இன்னும் வேகமா வழியும். இளகின கிரீமுக்கு மருந்து ஃப்ரிட்ஜ்தான்: பாத்திரத்தோட 15 நிமிஷம் உள்ள வச்சு, ஓரம் இறுகினதும் எடுத்து ஒரு நிமிஷம் அடிங்க.

வெயில் காலத்துக்கு கொழுப்பை மாத்திப் போடணும். ஒரு கிலோ கேக்குக்கு, மேல பூ வைக்கற வரைக்கும் போதுமான அளவு இது:

உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம்
பேக்கரி ஷார்ட்டனிங் 75 கிராம்
ஐசிங் சுகர் 340 கிராம்
குளிர்ந்த பால் 1 முதல் 1½ டேபிள்ஸ்பூன்
வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை

ஷார்ட்டனிங்னு கேட்டு வாங்குங்க. மார்ஜரின் வேணாம், அதுல உப்பும் தண்ணியும் இருக்கும். ஷார்ட்டனிங்ங்கறது இறுக வச்ச தாவர எண்ணெய், முழுக்கக் கொழுப்பு, உருகற சூடும் வெண்ணெயைவிட மேல. மூணுல ஒரு பங்குக்கு மேல போடாதீங்க, வாயில மெழுகு மாதிரி படியும்.

வெண்ணெய், விரல் வச்சா பள்ளம் விழணும், ஆனா விரல்ல பளபளன்னு எண்ணெய் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்துல ரெண்டு கொழுப்பையும் சேர்த்து 5-லிருந்து 7 நிமிஷம் அடிங்க. மஞ்சள் போய் தந்த நிறம் வரும். சலிச்ச சர்க்கரையை மூணு தடவையா போடுங்க, ஒவ்வொரு தடவையும் முதல்ல மெதுவா, அப்புறம் வேகமா. பாலைக் கடைசியில, தேவைப்பட்டா மட்டும். முடிக்கும்போது பீட்டரை ஆகக் குறைஞ்ச வேகத்துல வச்சு 2 நிமிஷம் ஓட்டுங்க, பெரிய காத்துக் குமிழெல்லாம் உடையும். இதை விட்டுட்டா பூசின பிறகு மேல ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரியும்.

இதையெல்லாம் கேக் கொடுக்கறதுக்கு முந்தின நாள் விடியக்காலை 5 மணிக்கு முடிச்சிடுங்க. மே மாசம் முழுக்க அதுதான் கிரீம் அடிக்கற நேரம்.

ஐசிங் சுகரை வீட்டுல அரைக்கறவங்களுக்கு: சர்க்கரை 250 கிராம், சோள மாவு 1 டேபிள்ஸ்பூன். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினா ஜார் சூடாகி சர்க்கரை கட்டி கட்டியா பிடிக்கும். 30 விநாடி ஓட்டி நிறுத்தி, மூடியைத் திறந்து ஆவி போன பிறகு மறுபடி ஓட்டுங்க. ரெண்டு தடவை சலிச்சு, ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க. நறநறன்னா இன்னொரு சுத்து. அந்த நறநறப்பு பீட்டர்ல கரையவே கரையாது.

பால்காரர்கிட்ட வாங்கற வெண்ணெயை வச்சும் செய்யலாமான்னு இங்க அடிக்கடி கேக்கறாங்க. செய்யலாம், மோர் முழுசா போகணும். ஐஸ் தண்ணியில போட்டுக் கையால பிசைஞ்சு, தண்ணியை ஊத்தி, மறுபடி பிசையணும். மூணு நாலு தடவையில தண்ணி தெளிஞ்சு வரும். அப்புறம் மெல்லிய துணியில கட்டித் தொங்க விட்டு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க. மோர் மிச்சமிருந்தா புளிப்பு தட்டும், கிரீமும் திரியும். கடையில வர்ற மஞ்சள் உப்பு வெண்ணெய் இதுக்கு ஆகாது, கழுவினாலும் உப்பு முழுசா இறங்காது.

காவேரிப்பட்டணம் மாங்கனி

கூழ் பக்கத்தை நான் சொல்றேன். திரிஞ்சதுக்கு மூணு காரணம் சேர்ந்திருக்கு: தண்ணி, புளிப்பு, மறுபடி பீட்டர்.

அடிச்ச கிரீம்ங்கறது காத்துக் குமிழ், அதைச் சுத்திக் கொழுப்புத் துளிகள் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிக்கிட்டு நிக்கிற கட்டுமானம். அதுல 200 கிராம் கூழ் ஊத்தினா முக்கால்வாசி தண்ணி ஊத்தின மாதிரிதான். புளிப்பு அந்தக் கிரீமில இருக்கற பால் புரதத்தை இறுக்கும். அதுக்கு மேல பீட்டர் போட்டதும் கொழுப்பெல்லாம் உருண்டு சேர்ந்துடும். நீங்க பார்த்த ரவை அதுதான்.

கூழைச் சுண்டக் காய்ச்சணும். 250 கிராம் கூழை அடி கனமான கடாயில ஊத்தி மிதமான தீயில 10-லிருந்து 12 நிமிஷம் கிளறுங்க. முதல் அஞ்சு நிமிஷம் எரிமலை மாதிரி குமிழ் வெடிச்சுத் தெறிக்கும், நீளக் கரண்டி வச்சுக்குங்க. பிறகு குமிழ் சின்னதாகி ‘தப் தப்’னு சத்தம் கனமாகும். கரண்டியால அடியில ஒரு கோடு இழுங்க. கோடு உடனே மூடாம, கடாயோட அடி ரெண்டு மூணு விநாடி தெரிஞ்சு, பிறகு மெல்ல மூடினா பதம். தராசுல வச்சா 130-லிருந்து 140 கிராம் இருக்கும். நிறம் ஒரு படி ஆழமா மாறியிருக்கும். ஆறினதும் மேல ஆடை கட்டாம ஒரு பிளாஸ்டிக் தாளைக் கூழ் மேலேயே ஒட்ட வச்சு, ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. கூழ் கிரீம் அளவுக்குக் குளிர்ந்திருக்கணும். வெதுவெதுப்பா போட்டா அந்த இடத்துல கிரீம் உருகும்.

300 மில்லி கிரீமுக்கு இந்தச் சுண்டின கூழ் 80 கிராம் போதும், 100-ஐத் தாண்டாதீங்க. கிரீமை வளைஞ்சு நிக்கிற பதத்துல, அதாவது பீட்டரைத் தூக்கினா நுனி சாயற பதத்துல, நிறுத்திடுங்க. கூழை ஸ்பேட்டுலாவால அடியிலேர்ந்து மேல புரட்டிச் சேருங்க. புரட்டப் புரட்ட இன்னும் கொஞ்சம் இறுகும். பீட்டரை மறுபடி தொடவே வேணாம். மிச்சக் கூழை அடுக்குக்கு நடுவுல தடவுங்க, மாம்பழ ருசி அங்கதான் நாக்குக்குத் தெரியும்.

எந்த மாம்பழம்ங்கறது பெரிய விஷயம். எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கூழ் ஆலைகளுக்கு அதிகமா போறது பெங்களூரா, கிளிமூக்குன்னும் சொல்லுவோம். விலை மலிவு, சதை நிறைய, ஆனா புளிப்பு தூக்கலா வாசனை குறைவா இருக்கும், நிறமும் வெளிர் மஞ்சள். கேக் கிரீமுக்கு அல்போன்சா கூழ் வாங்குங்க, ஆரஞ்சு நிறம் தானே வந்துடும், கலர் ஊத்தவே வேணாம். கையில பெங்களூரா டின்தான் இருக்குன்னா, அதுல பாதி, நல்லாப் பழுத்த செந்தூரா இல்லேன்னா பங்கனப்பள்ளியை மிக்ஸியில அடிச்சு வடிகட்டினது பாதின்னு சேர்த்துச் சுண்டுங்க. டின் மேல பிரிக்ஸ்னு ஒரு எண் போட்டிருக்கும், பழத்துல கரைஞ்சிருக்கற சர்க்கரையோட அளவு அது. எண் கூடக் கூடத் தண்ணி குறைச்சல், சுண்டற நேரமும் குறையும். சர்க்கரை சேர்த்த கூழா, சேர்க்காததான்னும் பாருங்க. சேர்க்காததுக்கு மட்டும் 2 டீஸ்பூன் சர்க்கரை.

டின்னைத் திறந்தா மிச்சத்தை அதுலேயே வைக்கக் கூடாது. எவர்சில்வர் டப்பாவுக்கு மாத்துங்க, இல்லேன்னா ஐஸ் தட்டுல ஊத்தி ஃப்ரீசர்ல போட்டு வைங்க, அடுத்த கேக்குக்கு நாலு கட்டி எடுத்துக்கலாம்.

மாம்பழத் துண்டை அடுக்குக்குள்ள வைக்கறதுன்னா நல்லாப் பழுத்தும் குழையாத பழமா பார்த்து, அரை அங்குலத் துண்டா நறுக்கி, டிஷ்யூ பேப்பர்ல பத்து நிமிஷம் பரப்பி ஈரத்தை எடுங்க. சர்க்கரை தூவி வச்சிடாதீங்க, தண்ணி விடும். அன்னாசியா இருந்தா பச்சையா கிரீமோட சேர்க்கவே கூடாது. அதுல இருக்கற நொதி பால் புரதத்தை உடைச்சுக் கசக்க வைக்கும், ஜெலட்டினையும் உறைய விடாது. வேக வச்ச அன்னாசியில அந்தத் தொல்லை இல்ல.

பாலக்கோடு தோழி

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்போ விப்பிங் கிரீமே எடுத்துக்கறேன். அதை அடிக்கறதுலயே ஒரு சந்தேகம்: சில சமயம் பஞ்சு மாதிரி சொரசொரப்பா ஆயிடுது. பால் கிரீம் எடுத்தா அந்தப் பிரச்சினை வராதா? அப்புறம் ஷார்ட்டனிங், வனஸ்பதி எல்லாம் குழந்தைங்க சாப்பிடறதுல போடலாமா?

தர்மபுரி டர்ன்டேபிள்

கிரீம் அடிக்கறதையும் பூசறதையும் நான் எழுதறேன் தோழி. கொஞ்சம் நீளமா இருக்கும்.

கடையில ஃப்ரீசர்ல இருக்கற விப்பிங் கிரீம்ல பெரும்பாலும் தாவர எண்ணெய்தான், சர்க்கரையும் ஏற்கெனவே சேர்த்தது. நீங்க ஐசிங் சுகர் போட வேண்டாம். அடிக்கறதுக்கு முந்தின நாள் காலையிலயே ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க. வெளியில வச்சு இளக்கறது, வெந்நீர்ல முக்கறது ரெண்டும் கூடாது. ஓரம் உருகி நடு கட்டியா இருக்கும், அடிச்சா ஒரே பதம் வராது. பாக்கெட்டைக் குலுக்கினா திரவமா ஆடணும், உள்ள பொடி ஐஸ் கொஞ்சம் இருந்தா இன்னும் நல்லது.

பாத்திரம், பீட்டர் கம்பி ரெண்டையும் 20 நிமிஷம் ஃப்ரீசர்ல வைங்க. பெரிய பேசின்ல ஐஸ் கட்டியும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு அதுக்குள்ள பாத்திரத்தை இறக்குங்க. உப்பு போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகமா குளிரும். ஆனா அந்த உப்புத் தண்ணி கிரீம்ல ஒரு துளி தெறிச்சாலும் கெட்டுச்சு, பேசின் ஆழமா இருக்கணும். முதல் ஒரு நிமிஷம் மெதுவா, பிறகு நடு வேகம். ஆரம்பத்துலயே வேகமா ஓட்டினா பெரிய குமிழ் ஏறும், சீக்கிரம் பொங்கி சீக்கிரமே அமுங்கும். மொத்தம் 3-லிருந்து 5 நிமிஷம். மூணு, நாலு மடங்கு உப்பும். 300 மில்லி ஒரு கிலோ கேக்குக்கு நடு அடுக்கு, மேல் பூச்சு, பூ எல்லாத்துக்கும் சரியா வரும்.

பீட்டர் தடம் கிரீம்ல அழியாம நிக்க ஆரம்பிச்சதும் பத்து விநாடிக்கு ஒரு தடவை நிறுத்தித் தூக்கிப் பாருங்க. பூசறதுக்கு நுனி சாயற பதம். பூ வைக்க நுனி நேரா நிக்கற பதம். மொத்தத்தையும் பூ பதத்துக்கு அடிச்சிட்டுப் பூசறதால்தான் உங்களுக்குப் பஞ்சு மாதிரி சொரசொரப்பு வருது. பூசும்போது கத்தி அழுத்தறதும் ஒரு வகையில அடிக்கறதுதான், கிரீம் இன்னும் இறுகும். முதல்ல பூச்சுக்கு எடுத்துட்டு, மிச்சத்தைக் கையால விஸ்க் வச்சு இருபது முப்பது சுத்து அடிச்சா பூவுக்கு ஆச்சு. சொரசொரப்பாயிட்டா அடிக்காத திரவ கிரீம் ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் ஊத்தி ஸ்பேட்டுலாவால மெல்லப் புரட்டுங்க, வழுவழுப்பு திரும்பும். அதுக்காகவே 50 மில்லி எப்பவும் தனியா எடுத்து வைங்க. அடிச்ச கிரீமை மறுபடி ஃப்ரீசர்ல போட்டு இன்னொரு நாள் அடிக்கப் பார்க்காதீங்க.

பால் கிரீம் ருசியில மேல, சந்தேகமே இல்ல. ஆனா கொழுப்பு குறைஞ்சது 30 சதவீதம் இருக்கணும். சமையலுக்கு விக்கிற 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடிச்சாலும் நிக்கற பதம் வராது. பால் கிரீம்ல பதம் ரொம்பத் தாண்டினா வெண்ணெய்தான், திரும்பி வர வழி இல்ல. மே மாச அரூருக்கு அது வேண்டாம். டிசம்பர்ல செய்யறப்போ 250 மில்லிக்கு ஐசிங் சுகர் 2 டேபிள்ஸ்பூன், பால் பவுடர் 1 டேபிள்ஸ்பூன் போடுங்க, கொஞ்ச நேரம் கூட நிக்கும். சிலர் சைனா கிராஸ் காய்ச்சி ஊத்தச் சொல்றாங்க. குளிர்ந்த கிரீம்ல பட்ட உடனே அது நூல் நூலா உறைஞ்சு பல்லுல மாட்டும், அது வேண்டாம்.

இப்ப பூசறது. ஸ்பாஞ்ச் பூசறதுக்கு முந்தின நாளே வெந்து, ஆறி, பிளாஸ்டிக் தாள்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி இருந்திருக்கணும். தொட்டா ஆறின மாதிரி இருக்கற கேக்கோட நடுவுல மூணு நாலு மணி நேரம் சூடு நிக்கும். அந்தச் சூடு கிரீமை உள்ளேர்ந்து உருக்கும். குளிர்ந்த ஸ்பாஞ்ச்ல துகளும் குறைவா உதிரும், உங்க பிரச்சினையில பாதி அங்கயே தீரும்.

மேல உப்பின பகுதியைப் பல் கத்தியால சமமா வெட்டி, மூணு அடுக்கா பிளங்க. சர்க்கரைத் தண்ணி: 100 மில்லி தண்ணியில 50 கிராம் சர்க்கரை, ஒரு கொதி, ஆற வச்சது. ஒரு அடுக்குக்கு 30 மில்லிக்கு மேல வேணாம், மாம்பழமும் ஈரம் விடும்னு நினைப்புல வைங்க. அட்டையில ஒரு ஸ்பூன் கிரீம் தடவி முதல் அடுக்கை ஒட்டுங்க, வண்டியில நழுவாது. பைப்பிங் பைல கிரீம் போட்டு அடுக்கோட ஓரமா வட்டமா ஒரு வரப்பு கட்டுங்க. வயலுக்கு வரப்பு மாதிரிதான், உள்ள விடற கூழும் பழத் துண்டும் வெளிய கசிஞ்சு பக்கவாட்டுப் பூச்சைக் கறையாக்காம தடுக்கும். கூழை வரப்பு உயரத்துக்குக் கீழயே நிறுத்துங்க.

துகளுக்கு வழி ரெண்டு பூச்சு. முதல் பூச்சு, கேக் உடம்பு மங்கலா தெரியற அளவுக்கு மெல்லிசு. துகளெல்லாம் இதுலயே ஒட்டிக்கும், ஒட்டட்டும். இதுக்கு எடுத்த கிரீம் தனிக் கிண்ணத்துல இருக்கணும். துகள் பட்ட கத்தி மெயின் பாத்திரத்துக்குள்ள போகக் கூடாது, பெரும்பாலானவங்க தவறவிடறது இதைத்தான். 20 நிமிஷம் ஃப்ரிட்ஜ். விரல் வச்சா ஒட்டாம இருந்தா ரெண்டாவது பூச்சு.

ரெண்டாவது பூச்சுக்குத் தேவைக்கு மேலயே கிரீமை வச்சு, கால் அங்குல கனம் வர்ற மாதிரி பரப்புங்க. குறைவா வச்சாத்தான் கத்தி ஸ்பாஞ்சைத் தொட்டுத் துகளைக் கிளப்பும். பக்கவாட்டுக்கு ஸ்கிரேப்பரோட (கிரீமை வழிச்சுச் சமமாக்கற தட்டையான அட்டை) அடி, டர்ன்டேபிள்ங்கற சுழல் தட்டைத் தொட்டு நேரா நிக்கணும், அதோட முகம் உங்க பக்கம் லேசா சாஞ்சு இருக்கணும். ஸ்கிரேப்பர் பிடிச்ச கை அசையக் கூடாது, இன்னொரு கை தட்டைச் சுத்தணும். ஒரே மூச்சுல ஒரு முழுச் சுத்து, நடுவுல நிறுத்தினா அந்த இடத்துல தழும்பு விழும். அப்படிச் சுத்தும்போது மேல் விளிம்புல கிரீம் ஒரு மெல்லிசு மதில் மாதிரி எழும்பி நிக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க, அது எழும்பினாத்தான் ஓரம் கூர்மையா வரும். வெந்நீர்ல முக்கி நல்லாத் துடைச்ச பேலட் கத்தியைப் படுக்க வச்சு, அந்த மதிலை வெளியிலேர்ந்து நடுப் பக்கமா வழிச்சு எடுங்க. ஒவ்வொரு வழிப்புக்கும் கத்தியைத் துடைக்கணும். நாலு விரற்கடைக்கு ஒண்ணுன்னு சுத்தி வந்தா மேல் பக்கம் தானா சமமாயிடும். கத்தியில தண்ணி ஒட்டியிருந்தா கிரீம் மேல புள்ளி விழும்.

பூவுக்கு 1எம் நாசில் (நட்சத்திர வடிவ முனை), பையில பாதிக்குக் குறைவா கிரீம். நிறையப் போட்டா உள்ளங்கைச் சூட்டுல இளகி, பூவோட இதழ் விளிம்பு கிழிஞ்ச மாதிரி வரும். ரெண்டு பை தயாரா வச்சு ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல, ஒண்ணு கையிலன்னு மாத்திக்குங்க.

கலர் வேணும்னா ஜெல் கலர், பல்குத்தி நுனி அளவு. தண்ணிக் கலர் கிரீமை இளக்கும். பாக்கெட் மேல உணவுப் பாதுகாப்புத் துறை உரிம எண் இருக்கணும். லூஸ்ல பொட்டலம் கட்டி விக்கிற ரோஸ் பொடி வாங்கவே வாங்காதீங்க. 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாயைத் தடை பண்ணினது ரோடமின்-பி சாயத்துக்காகத்தான், அது துணிக்குப் போடற சாயம்.

ஓசூர் அடுமனை

வனஸ்பதி கேள்விக்கு வர்றேன். டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை இறுக வைக்கும்போது உருவாகற, இதயத்துக்குக் கெட்ட கொழுப்பு) எண்ணெய், வனஸ்பதி, ஷார்ட்டனிங் எல்லாத்துலயும் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2022 ஜனவரியிலேர்ந்து நாடு முழுக்க விதி இருக்கு. அதனால இப்ப வர்ற பேர் போட்ட பாக்கெட் பழைய வனஸ்பதி மாதிரி இல்ல. லூஸ்ல வாங்காதீங்க. ஆனா நிறைகொழுப்பு நிறையதான், விசேஷத்துக்கு ஒரு துண்டு சாப்பிடற பண்டம்னு வச்சுக்கணும். அதை வாங்கறவங்ககிட்டயும் சொல்லிடறது நல்லது. விப்பிங் கிரீம்ல இருக்கறதும் அதே தாவரக் கொழுப்புதான், அதை மட்டும் ‘பால் கிரீம்’னு சொல்லிக் கொடுக்கக் கூடாது.

ஷார்ட்டனிங் மனசுக்கு ஒப்பலைன்னா இந்த வெயிலுக்கு கனாஷ் இருக்கு, சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு அது. அதுக்கு அந்த 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமே போதும், இங்க அது சரியா உதவும். டார்க் காம்பவுண்டு சாக்லேட் 300 கிராமைப் பொடியா நறுக்குங்க. கிரீம் 100 மில்லியை ஓரத்துல குமிழ் வர்ற வரைக்கும் மட்டும் சூடாக்கி மேல ஊத்தி, 3 நிமிஷம் தொடாம விட்டு, நடுவுலேர்ந்து சின்ன வட்டமா கலக்குங்க. குளிர் காலத்துல ரெண்டுக்கு ஒண்ணு போடற கிரீமை வெயில்ல மூணுக்கு ஒண்ணா குறைக்கணும். எண்ணெய் பிரிஞ்சு மினுங்கினா வெதுவெதுப்பான பால் ஒரு டீஸ்பூன் விட்டு நடுவுல கலக்குங்க, சேர்ந்துக்கும். மூடி வச்சு நாலஞ்சு மணி நேரத்துல கத்தியில வழியாம நிக்கற பதம் வரும். வராம போனா ஃப்ரிட்ஜ்ல பத்துப் பத்து நிமிஷமா வச்சுக் கலக்குங்க.

மாம்பழத்துக்கு ஒயிட் காம்பவுண்டு 300 கிராம், கிரீம் 60 மில்லி, சுண்டின கூழ் 40 கிராம். கூழையும் கிரீமோட சேர்த்தே சூடாக்கி ஊத்துங்க. குளிர்ந்த கூழைத் தனியா போட்டா காம்பவுண்டு கட்டிக்கும்.

அரூர் ரோடு

கொண்டு போறதை யாரும் இன்னும் எழுதல. நல்லா வந்த கேக் கெடறது வழியிலதான்.

தர்மபுரி தாண்டி அரூர் வர்றதுக்குள்ள ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஆகும், ஸ்பீட் பிரேக்கரும் நிறைய. பூசி முடிச்ச கேக் குறைஞ்சது ஆறு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல இருந்திருக்கணும். காலையில பூசி உடனே ஏத்தறது ஆகாது. முந்தின நாளே பூசி முடிங்க. கரண்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காம இருந்தா ரெண்டு மூணு மணி நேரம் குளிர் நிக்கும். மூணு அடுக்குக்கு நடுவுல கூழ் இருக்கறதால பிரேக் போடும்போது மேல் அடுக்கு நழுவும். கெட்டி ஸ்ட்ரா ஒண்ணை கேக் உயரத்தைவிட அரை அங்குலம் குறைவா வெட்டி, நேர் நடுவுல இறக்கி, மேல ஒரு பூவை வச்சு மறைங்க. வெட்டறவங்ககிட்ட அதைச் சொல்லிடுங்க.

கேக் பெட்டியை அதைவிட ரெண்டு அங்குலம் பெரிய தெர்மகோல் பெட்டிக்குள்ள வைங்க. ஜெல் ஐஸ் பேக் நாலை டர்க்கி டவல்ல சுத்தி, பெட்டியோட மேல் பாதியில பக்கவாட்டுல டேப் போட்டு ஒட்டுங்க. குளிர்ந்த காத்து கீழ இறங்கும், அதனால அடியில வச்சா மேல இருக்கற பூ சூடாவே கிடக்கும். டவல், பேக் வேர்க்கற தண்ணியைக் குடிச்சுக்கும். சீட்டு மேல வைக்காதீங்க, அது பின்பக்கமா சரிஞ்சிருக்கும், மடியிலயும் வேண்டாம். முன் சீட்டுக்குக் கீழ கால் வைக்கற தட்டையான இடத்துல ரப்பர் மேட் போட்டு வைங்க, ஏசியைக் கால் பக்கம் திருப்புங்க. டிக்கியில மே மாசம் வைக்கவே கூடாது.

அங்க போனதும் பெட்டியைத் திறக்காம அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்ள. ஃப்ரிட்ஜ் இல்லாத மண்டபம்னா வெட்டற வரைக்கும் தெர்மகோல்லயே இருக்கட்டும். விப்பிங் கிரீம் கேக்கை வெட்டறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி எடுத்தா போதும், பட்டர்கிரீமா இருந்தா 20 நிமிஷம், இல்லேன்னா வெண்ணெய் கல்லு மாதிரி இருக்கும். எடுத்ததும் அட்டைப் பெட்டி மூடியை உடனே திறக்காதீங்க. வெளிக் காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்த கிரீம் மேல பனி மாதிரி பூக்கும். அஞ்சு நிமிஷம் மூடியே இருந்தா அந்த ஈரம் பெட்டி மேல படிஞ்சுடும். கேக் மேல படிஞ்சா துடைக்காதீங்க, அப்படியே விட்டா தானா காயும். துடைச்சா கலர் இழுக்கும்.

அதே தெர்மகோல் பெட்டியில 100 கிராம் கிரீம் நிரப்பி நாசில் போட்ட பை ஒண்ணு, சின்ன பேலட் கத்தி ஒண்ணு, டிஷ்யூ கொஞ்சம் வச்சு அனுப்புங்க. அட்டை ஓரத்துல இடிச்சு அடி விளிம்பு நசுங்கியிருந்தா, அந்தப் பக்கம் மட்டும் ஒட்டுப் போடாம அடியைச் சுத்தி முழுக்க ஒரு சிப்பி வரிசை போட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, நசுங்கினது யாருக்கும் தெரியாது.